அபராதச் சீட்டில் யார் பெயர்?

(எண்ணூர்ப் பகுதியில் ஆலைத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும், மீனவ மக்களும் திரண்டிருந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறீர்கள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வயல் வேலையை முடித்துக்கொண்டு விவசாயத் தொழிலாளர்கள் வந்திருக்கிறீர்கள். குப்பங்களிலிருந்து மீனவ சகோதரர்களும் சகோதரிகளும் வந்திருக்கிறீர்கள். நாளை விடிந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் வாலிபனாக இருந்தபோது ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தேன். கழிவுப் பஞ்சு கொஞ்சம் அதிகமானால் போதும், மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் நாலு விஷயம் எழுதியிருக்கும். பெயர், டிக்கெட் நம்பர், செய்த குற்றம், பிடித்த தொகை. சிறிய சீட்டுத்தான். ஆனால் அதில் பெயர் இல்லாமல் இருக்காது. "ஸ்பின்னிங் பகுதி குற்றம் செய்தது" என்று யாரும் எழுதுவதில்லை. குற்றம் செய்தவன் இன்னான் மகன் இன்னான் என்று எழுதுவார்கள். சம்பளத் தேதியன்று அந்தச் சீட்டு நம்முடைய அடுப்படி வரைக்கும் வந்து சேரும்.

ஒரு பிடி பஞ்சு வீணானால் பெயர் எழுதுகிறார்கள். ஓர் ஊரின் காற்று விஷமானால், ஓர் ஆறு எண்ணெயானால், யார் பெயரை எழுதுகிறார்கள்? இதுதான் என் கேள்வி.

ராத்திரி வந்த நெடி

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி இரவை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை, நெடிதான் எங்களை எழுப்பியது என்று ஊர் மக்கள் சொன்னார்கள்.

வந்தது அம்மோனியா வாயு. முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த கோரமண்டல் இன்டர்நேஷனல் உரக் கம்பெனிக்குக் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கரைக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் குழாய் அது. கடலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் குழாயில்தான் கசிவு.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, நீங்கள் தோளில் சுமந்துபோய் வயலில் வீசுகிற உரம் இருக்கிறதே, அதற்கு வேண்டிய சரக்குத்தான் இது. உரம் வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மோனியா என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கடுமையாகக் குளிரவைத்துத் தண்ணீர்போல ஆக்கிக் கொண்டுவருகிறார்கள். வெளியே வந்தால் வாயுவாகிவிடும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். மனித உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறது? கண்ணில், தொண்டையில், நுரையீரலில். அதனால்தான் அங்கே எரிகிறது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். இந்த இரண்டு வரியை யாராவது இந்தக் குப்பங்களில் வீடு வீடாக வந்து சொல்லியிருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்!

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து அளந்தது. காற்றில் 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 இருந்தது. சர்க்கார் அமைத்த நிபுணர் கமிட்டி கணக்குப் போட்டு, கசிந்தது சுமார் 67 டன் என்று சொல்லிற்று.

காரணம் என்ன? டிசம்பர் முதல் வாரத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் கடலடிப் பாறைகள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று கமிட்டி கருதியது. சரி, புயல்மீது பழி. புயலுக்குப் பெயர் இருக்கிறது, விலாசம் இல்லை! (சிரிப்பு) ஆனால் நான் கேட்கிறேன். புயல் வந்தது முதல் வாரத்தில். குழாயில் அம்மோனியா ஓடியது கடைசி வாரத்தில். நடுவில் மூன்று வாரம் இருந்தது. "குழாய் நன்றாக இருக்கிறது, சரக்கை இறக்கலாம்" என்று முடிவு செய்தது யார்? எதைப் பார்த்து முடிவு செய்தார்? அந்த முடிவுக்குக் கீழே யாருடைய கையெழுத்து இருக்கிறது? இதைத்தான் ஊர் அறிய வேண்டும்.

ஒரு நாள் லாபம்

இந்தக் கசிவுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று நிர்ணயிக்கப்பட்ட தொகை 5 கோடியே 92 லட்சம் ரூபாய்.

கேட்பதற்குப் பெரிய தொகை. நம்மில் ஒருவன் ஏழு ஜென்மம் உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத தொகை. ஆனால் கணக்கை நம் பக்கத்திலிருந்து போடக் கூடாது, கம்பெனி பக்கத்திலிருந்து போட வேண்டும். 2022-23-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியின் லாபம் சுமார் 2,000 கோடி ரூபாய். அதை 365 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி வருகிறது. அதாவது ஓர் ஊரையே நள்ளிரவில் ஓடவைத்ததற்கு விதித்த தொகை, கம்பெனியின் ஒரு நாள் லாபமும் அதற்குமேல் கொஞ்சமும்!

ஆலையில் அரை மணி தாமதமாக வந்தவனுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். சொல்லாமல் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். தொழிலாளி லீவு போட்டதும், கடலிலும் காற்றிலும் 67 டன் அம்மோனியா கலந்ததும் ஒரே தராசில் ஒரே எடை என்றால், அந்தத் தராசு யாருடைய கையில் இருக்கிறது என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு நாள் லாபத்தையும் எந்த டைரக்டரும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டுவதில்லை. அது கம்பெனிச் செலவுக் கணக்கில் ஒரு வரி. கரண்டு பில் ஒரு வரி, லாரி வாடகை ஒரு வரி, மக்கள் மூச்சுத் திணறியது ஒரு வரி.

சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் லாபக் கணக்கை எடுத்துப் பார்த்தது. இதற்குக் குறைந்த தொகை விதித்தால் உறைக்காது என்று சொல்லி 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. நல்லது. ஆனால் அந்தச் சீட்டிலும் கம்பெனியின் பெயர்தான் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. அதே தீர்ப்பு ஆலையைத் தொடர்ந்து நடத்தவும் விட்டது. 5 ஆண்டு கழித்து, 2018 மே 22-ந் தேதி ஊர்வலம் போன மக்கள் சுடப்பட்டு 13 பேர் மாண்ட பிறகுதான் சர்க்கார் ஆலையை மூட உத்தரவிட்டது. கம்பெனியின் அப்பீலைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது 2024 பிப்ரவரியில்.

மூன்று முறை, ஒரே கதை

எண்ணூருக்கு வருவோம். 7 ஆண்டுகளுக்குள் மூன்று அடி.

2017 ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அடுத்த நாட்களில் கரையெல்லாம் கருப்பு எண்ணெய். எதைக்கொண்டு அள்ளினார்கள்? வாளியைக்கொண்டு! கோடிக்கணக்கில் சரக்கு இறங்கும் துறைமுகத்தின் பக்கத்தில், கூலியாட்களும் வாலிபர்களும் வாளியில் எண்ணெய் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

2023 டிசம்பர் 4-ந் தேதி புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. எங்கள் குழாயில் கசிவு இல்லை என்றது சென்னை பெட்ரோலியம் நிர்வாகம். எண்ணெய் அந்த வளாகத்திலிருந்துதான் வந்தது, மழைநீரைக் கையாள அங்கே செய்திருந்த ஏற்பாடு போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மறுபடியும் மீனவர்களே வெறுங்கையால் எண்ணெய் அள்ளினார்கள். படகும் வலையும் பாழானவர்களுக்குச் சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய். படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். எண்ணெய் குடித்த வலையை மாற்ற என்ன செலவாகும் என்று வலை வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சென்னை பெட்ரோலியம் தனியார் கம்பெனி அல்ல, இந்தியன் ஆயிலைச் சேர்ந்த பொதுத்துறை. பொதுத்துறையை விற்காதே என்று போராடுகிறவர்கள் நாம். அதனாலேயே நாம்தான் முதலில் கேட்க வேண்டும். பொதுமக்களின் சொத்தை நிர்வகிக்கிறவன் பொதுமக்களின் ஆற்றைக் கெடுத்தால், அவன் இருமடங்கு பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

பிறகு அதே மாதம் 26-ந் தேதி அம்மோனியா. மூன்று முறையும் கம்பெனிகளின் பெயர் பத்திரிகையில் வந்தது. கமிட்டி வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. ஆனால் முடிவெடுத்த ஆள் யார் என்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை!

"பெரிய மனுஷர் நேரில் வருவாரா?"

ஏன் பெயர் வருவதில்லை? தஞ்சைத் தரணியில் பிறந்த விவசாயத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக! மிராசுதார்களுக்குக் கீழ்க் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. மேல் கோர்ட்டில் விடுதலை கிடைத்தது. அந்த விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை மறக்க முடியுமா? இவர்கள் பெரிய பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றார்கள்.

கம்பெனி விஷயத்திலும் இதே வாதந்தான், தோழர்களே! டைரக்டர் வந்து வால்வைத் திருகினாரா? மானேஜர் கடலில் மூழ்கிக் குழாயை உடைத்தாரா? இல்லை. ஆகவே அவர் குற்றவாளி இல்லை! அப்படியானால் வால்வின் பக்கத்தில் நின்றவன் யார்? நைட் ஷிப்டு பார்த்த நம்முடைய தோழன். காண்ட்ராக்டு தொழிலாளி. விசாரணை என்று ஒன்று நடந்தால் கை அவன் கழுத்துக்குத்தான் முதலில் வரும். இதை ஆலைத் தொழிலாளி நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேலே உள்ளவனின் பெயரை எழுதாவிட்டால், கீழே உள்ளவனின் பெயரை எழுதுவார்கள்.

போபாலைப் பாருங்கள். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் ஒரு தொழிலாளி விஷவாயுவுக்குப் பலியானார். இங்கே ஆபத்து இருக்கிறது என்று தொழிலாளர்கள் அன்றே குரல் கொடுத்தார்கள். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஷ ரசாயனத்தைக் குளிரவைக்கும் யந்திரம் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. கசிந்த வாயுவை எரிக்கும் கோபுரம் வேலை செய்யவில்லை. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு டாங்கியிலிருந்து விஷவாயு சீறியது. ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் விழுந்து மாண்டார்கள்.

கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ந் தேதி கைது செய்யப்பட்டார். அன்றே ஜாமீன். சர்க்கார் விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பி வைக்கப்பட்டார். அங்கிருந்து அமெரிக்கா போனவர் போனவர்தான். 1992-ல் போபால் கோர்ட்டு அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. 2014-ல் தம் 92-வது வயதில் அமெரிக்காவில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2010 ஜூன் 7-ந் தேதி தண்டனை கிடைத்தது. எவ்வளவு? 2 ஆண்டுச் சிறை, ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம். அன்றைக்கே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குற்றம் நடந்து இருபத்தைந்தரை ஆண்டு கழித்து!

முறிக்கப்படும் சட்டம்

மக்களின் கோபத்தால் நல்ல சட்டங்களும் வந்ததுண்டு. 1985 டிசம்பரில் டில்லி ஸ்ரீராம் ஆலையில் அமில வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் எடுப்பவன், விபத்து நடந்தால் எந்தச் சாக்கும் சொல்லாமல் நஷ்டஈடு கொடுத்தே தீர வேண்டும். கம்பெனி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நஷ்டஈடும் பெரிதாக இருக்க வேண்டும். புயல்மீது பழி போட அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

அதே 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்றது. கம்பெனி குற்றம் செய்தால், பொறுப்பில் இருந்த ஆளும் குற்றவாளி என்றது. அந்தச் சட்டத்தால் எத்தனை முதலாளி சிறைக்குப் போனான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கத்தி உறையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. துருவைத் துடைக்க வேண்டிய மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து கத்தியையே முறித்தது. 2024 ஏப்ரல் 1 முதல், அந்தச் சிறைத் தண்டனைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டினால் போதும். கட்டாவிட்டால்தான் சிறை. இந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஜன் விஸ்வாஸ்', மக்கள் நம்பிக்கை! தண்ணீர் மாசுச் சட்டத்தையும் 2024-ல் இதே வழியில் திருத்திவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும், அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

பசிக்குத் திருடியவனுக்குச் சிறை. காற்றைக் கெடுத்தவனுக்கு ரசீது. இதுதான் இன்றைய நியாயம்.

வாசலில் பெயர் எழுது!

"இப்படிப் பேசினால் ஆலையை மூடிவிடுவார்கள், உன் வேலை போகும்" என்று உங்களை மிரட்டுவார்கள். பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டதே, அதை எந்த மீனவன் மூடினான்? எந்தக் குப்பத்துத் தாய் மூடினாள்? ஆலையை மூடுவது முதலாளியின் கணக்கு. மக்களின் கேள்வி அல்ல. கசிவு நடந்தால் முதல் மூச்சு யாருடையது? உள்ளே நிற்கும் தொழிலாளியுடையது. இரண்டாவது மூச்சுத்தான் குப்பத்துக் குழந்தையுடையது. இருவரையும் மோதவிடுகிறவனை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஒருவனைப் பிடித்துச் சிறையில் போட்டு மகிழ வேண்டும் என்பதல்ல நம் நோக்கம். தன் பெயர் எழுதப்படும் என்று தெரிந்தவன் குழாயைச் சோதித்துப் பார்ப்பான். சீட்டில் பெயர் வரும் என்பதால்தானே நாம் பஞ்சைச் சிந்தாமல் வேலை செய்தோம்? அந்த வைத்தியம் டைரக்டருக்கும் பலிக்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை.

ஒன்று: கம்பெனி நடத்தும் ஆலைக்குப் பொறுப்பாளி அதன் டைரக்டர்களில் ஒருவர்தான் என்று பழைய தொழிற்சாலைச் சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. அந்தப் பெயர் சர்க்கார் பைலில் இருக்கிறது. அதை ஆலை வாசலில் தமிழில், ஊர் பார்க்க எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு: உள்ளே என்ன ஆபத்தான பொருள் இருக்கிறது, கசிந்தால் என்ன செய்வது என்று தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது போபாலுக்குப் பிறகு 1987-ல் வந்த திருத்தம். அது ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வொரு குப்பத்திலும் சங்கு வேண்டும், ஒத்திகை வேண்டும்.

மூன்று: இழப்பீடு லாபத்தைப் பார்த்து விதிக்கப்பட வேண்டும். ஒரு நாள் லாபம் தண்டனை ஆகாது.

நான்கு: ஆபத்து என்று கண்டு வேலையை நிறுத்தும் தொழிலாளிமீது கை வைக்கக் கூடாது. கசிவு நடந்தால் விசாரணை வால்வில் நின்றுவிடாமல், உத்தரவு போட்ட மேஜை வரைக்கும் ஏற வேண்டும்.

தோழர்களே, அம்மோனியாக் கசிவுக்குப் பிறகு இந்த ஊர்ப் பெண்கள் ஆலை வாசலில் நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் பணமில்லை, வக்கீல் படையில்லை. நாங்கள் எழுந்து போகமாட்டோம் என்ற உறுதி மட்டும் இருந்தது. அந்த உறுதியோடு ஆலைத் தொழிலாளியின் சங்கமும், வயல் தொழிலாளியின் சங்கமும் சேர்ந்து உட்காரட்டும். நம்முடைய அபராதச் சீட்டுகளில் இத்தனை காலம் நம் பெயரை எழுதினார்கள். இனி ஒரு சீட்டு நாம் எழுதுவோம். குற்றம் என்ன என்பது நமக்குத் தெரியும். தொகையைக் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டோம். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும்வரை ஓயமாட்டோம்! (நீண்ட கரகோஷம்)